ஒல்லாந்துக்கு ஒரு கருவாட்டுப் பொதி

ஜூலை 4, வெள்ளி

கச்சான் காற்று. இரண்டு தரம் கூட்டியும் வீடு முழுக்க மணல். முழங்கால் வலி.

மகள் ஷிஃப்னாவுக்குத் திங்கள் நேர்முகப் பரீட்சை, கணினி வழியாக. ஒல்லாந்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு, குவாண்டம் தொடர்பாடல். உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம். போன வருடம் இரண்டு நாடுகள் இல்லையென்றுவிட்டன. இதுதான் கடைசி என்கிறாள். கிடைக்காவிட்டால் பாலாவி டியூஷன் வகுப்போடு சரியாம்.

ஜும்ஆத் தொழுகையில் துஆ கேட்கும்படி இவர் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் சொல்லியிருக்கிறார். ஒலிபெருக்கியில் வீடுவரை கேட்டது: "நம் டீச்சருடைய மகளின் வெளிநாட்டுப் பயணம் லேசாக அமைய..."

பயணமா? ஷி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் நேர்முகம் எண்டுதான் சொன்னன்," என்கிறார் இவர்.

ஜூலை 5, சனி

பக்கத்து வீட்டுப் பரீதா. கையில் பத்திரிகைத் தாளில் சுற்றி நூல் கட்டிய கருவாடு.

"டீச்சர், மகள் எப்ப பறக்கிறா? இத எங்கட மகன் ரிஸ்வானுக்குக் குடுத்துவிடுங்க."

"ரிஸ்வான் கட்டார்ல எல்லோ. இவ கேட்டிருக்கிறது ஒல்லாந்து."

"கல்பிட்டியில கோட்டை கட்டினவங்கட ஊரா? அங்கயிருந்து தபால்ல போட்டா போகாதா?"

இடமே இன்னும் கிடைக்கவில்லை என்றேன். "அதெல்லாம் கிடைக்கும்" என்று பொதியை மேசையில் வைத்துவிட்டாள். என்ன படிப்பு என்றும் கேட்டாள். பழக்கம் விடுமா, உதாரணம் தேடினேன். ரகசியத்துக்கு ஒரு சாவி வேண்டும். அதை ஒளியின் துணிக்கைகளாக, ஒவ்வொன்றாக அனுப்புகிறோம். நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால் அது மாறிவிடும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலாப்பத்தில் விரல் வைத்தால் குழி தெரியுமே, அப்படி.

"ஒட்டுக்கேட்டா தெரிஞ்சிருமா? அப்ப இந்த ஊருக்கு அது சரிவராது டீச்சர்."

அறைக்குள் ஷி. சிரித்தது கேட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு.

ஜூலை 7, திங்கள்

வாங்க: பாண், தேசிக்காய், முழங்காலுக்குத் தடவ எண்ணெய்.

பின்னேரம் நேர்முகம். கரண்ட் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இவர் வாசலில் கதிரை போட்டுக் காவல். மீன்காரரைக்கூடக் கூவ விடவில்லை.

வெளியே வந்தவள்: "வட்டிலாப்பத்தச் சொன்னன் உம்மா. அது என்னெண்டு அங்க ஒருத்தருக்கும் தெரியல்ல."

முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூலை 16, புதன்

காற்று விடவில்லை. காலையில் பதில். ஷி. இரண்டாவதாம். முதல் ஆள் ஒப்புக்கொண்டாயிற்று.

இவர் சோறு வேண்டாமென்று படுத்துவிட்டார். ஷி. பாலாவி பஸ்ஸுக்குப் போனாள், டியூஷனுக்கு. எனக்கு, இடம்பெயர்ந்து வந்து அகதி முகாமில் தண்ணீருக்கு நின்ற நாட்களின் களைப்பு, அப்படியே.

பொதியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"கிடைக்கல்ல பரீதா."

அவள் வாங்கவில்லை. நூல் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

"வச்சிருங்க டீச்சர். கருவாடு கெட்டுப்போகாது. அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோகட்டும்."

அலுமாரி மேல் வைத்தேன். வீடெல்லாம் வாடை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஷி. வந்து மூக்கைச் சுளித்தாள். "இது இன்னும் போகல்லையா?" பரீதா சொன்னதைச் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். பிறகு கணினியைத் திறந்தாள்.

"உம்மா, சிங்கப்பூருக்குக் கருவாடு விடுவாங்களா?"