அல்லியின் முதுகும் உன் உள்ளங்கையும்

என் கண்ணான பிலோமினாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. உன் கல்லறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. நம் ரீட்டா சாமந்திப்பூ வாங்க வேண்டும் என்கிறாள். அம்மாவுக்குக் கனகாம்பரம்தான் பிடிக்கும் என்றால், "அது ஜல்தி வாடிடும்பா" என்கிறாள். நீ இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு எங்கள் இருவரையும் திட்டியிருப்பாய்.

அல்லி நன்றாக இருக்கிறாள். முதுகில் முடி திரும்ப முளைத்துவிட்டது. வேப்பமரத்தில் போய் உடம்பைத் தேய்ப்பதில்லை. இதைக் கேட்டால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அவள் எப்படித் தேறினாள் என்று உன் படத்தின் முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உன்னைப் பற்றி நாலு பேர் முன்னால்தானே பேசினார்கள்?

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். அல்லி எங்கள் வெள்ளைக் குதிரை. மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவள். மயிலம் கோயில் கல்யாணம் என்றால் எங்கள் கூட்டேரிப்பட்டிலிருந்து நடந்தே போவோம், திண்டிவனத்து மண்டபம் என்றால் மினி லாரியில் ஏற்றிக்கொள்வேன். பெயர் வைத்தது நீ. என்னைவிட அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன், "வெள்ளக் குதிர இன்னு சொல்லிட்டு மஞ்சக் குதிரய ஓட்டிக்கினு வந்துகீறியே" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார். சாணியில் படுத்து எழுந்த கறை, வேர்வைக் கறை. எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் கத்தினேன். "ரீட்டா யூனிபாரத்த எப்டித் தோய்க்கிற? அதே மாரி இவளையும் தோய்ச்சி எடு!" நீ வாளியை எடுத்தாய். துணி சோப்புத் தூளைக் கரைத்துத் தேய்த்தாய், கடைசித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டு ஊற்றினாய். அல்லி பளபளவென்று நின்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அதுதான் வழக்கமானது.

அரிப்பு எப்போது ஆரம்பித்தது என்று நாம் யாரும் கவனிக்கவில்லை. முதலில் வாலடியைச் சுவரில் தேய்த்தாள். பிறகு முதுகெல்லாம் தடிப்பு, திட்டுத்திட்டாக முடி கொட்டியது. என் அம்மா சாம்பிராணி போட்டாள், மிளகாய் சுற்றினாள். நான் மெக்கானிக் ஷெட்டிலிருந்து கழிவு ஆயில் வாங்கி வந்து பூசினேன். அது எரிந்து அவள் துள்ள, அந்த ஆயிலை எடுக்க நீ மறுபடியும் சோப்புத் தூளைத்தான் கரைத்தாய். என்ன மடத்தனம் பிலோ! நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்போதுதான் அம்மா அந்தப் பேச்சை ஆரம்பித்தாள். "இவ கைராசி அப்டி. இவ தொட்டதுதான் இன்னா துலங்கிச்சி?" உன் காதில் விழத்தான் சொன்னாள். நீ வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாய். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

கார்த்திகைக் கடைசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை. அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி எழுத என்னால் முடியாது.

பிறகு மார்கழி. அல்லியை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தீனி வைத்ததும் தண்ணீர் காட்டியதும் ரீட்டாதான். மாதக் கடைசியில் பார்த்தால், தடிப்பு அடங்கியிருந்தது, சொறிவது நின்றிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா அதையே காட்டினாள். "பாத்தீங்களா? அவ போனா, குதிர தேறிடுச்சி. பீட அவளோட போயிடுச்சி." யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. இன்னும் உண்மையைச் சொன்னால், பாதி நம்பினேன் பிலோ. என்னை மன்னிப்பாயா?

தை பிறந்தது, முதல் முகூர்த்தம் வந்தது. இந்தத் தடவை சோப்புத் தூளை நான் கரைத்தேன். நீலத்தையும் நானே விட்டேன். இரண்டு மணி நேரம் தேய்த்திருப்பேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து காரக்குழம்பில் கை வைத்தேன், உள்ளங்கை தீயாக எரிந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. அலமாரியிலிருந்த கரண்டியை எடுத்தேன்.

ரீட்டா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மாவும் இப்டித்தாம்பா சாப்பிடும்" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"கைதான் எப்பவும் வெடிச்சிக்கினே கெடக்குமே. ராவிக்கி தேங்கா எண்ண தடவிக்கினு படுக்கும். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நீ கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தபோது, "இன்னா, தொரசாணி ஆயிட்டியா?" என்று நான் கிண்டல் செய்ததுதான் நினைவுக்கு வந்தது. நீ சிரித்தாய். சிரித்துவிட்டுக் கரண்டியாலேயே சாப்பிட்டு முடித்தாய்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் அல்லி மறுபடியும் வேப்பமரத்தில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அவளை லாரியில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. பிடரி முடியைப் பிரித்துப் பேன் இருக்கிறதா என்று பார்த்தார். தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். சிரங்குப் பூச்சி இல்லை, படையும் இல்லை என்றார். கொசு, ஈக்கடி என்றால் பிடரியிலும் வயிற்றடியிலும்தான் அதிகம் இருக்கும் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"வருஷம் பூரா இருக்குதா, நடுவுல குறையுதா?"

யோசித்தேன். "ஆடியில கொறையும்மா. மார்கழியிலயும் கொறையும்."

"அந்த ரெண்டு மாசத்துல நீங்க என்ன செய்யாம இருக்கீங்க?"

பிலோ, அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாவிட்டால் சோப்புத் தூள் இல்லை, நீலம் இல்லை. எத்தனை வருஷமாக அது நம் கண் முன்னாலேயே இருந்தது!

என் கையை நீட்டிக் காட்டினேன். டாக்டரம்மா தலையை ஆட்டினார். "அது துணிக்குப் போடறது, தோலுக்கு இல்ல. சரியா அலசாத முதுகுல வெல்வெட் துணியப் போட்டுக் கட்டறீங்க, அடியில வேர்வை வேற. அதுக்கு மேல ஆயில் பூசினா அது எப்படித் தாங்கும்?" ஊசி போட்டார், தடவ மருந்து கொடுத்தார். இனிமேல் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், கறை இருந்தால் அந்த இடத்தை மட்டும் குதிரைக்கான ஷாம்பு போட்டு வழவழப்புப் போகிற வரைக்கும் அலச வேண்டும், நன்றாகக் காய்ந்த பிறகுதான் சேணத் துணி போட வேண்டும் என்றார். "நீங்களும் ஒரு தோல் டாக்டரைப் பாருங்க" என்றார். குதிரையின் தோலுக்காகத் திண்டிவனம் வரை போகத் தெரிந்தது எனக்கு. உன்னை ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு போனேனா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் உள்ளங்கையைக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் அதைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு உன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

இப்போது அல்லி தன் நிறத்திலேயே கல்யாணத்துக்குப் போகிறாள். போன மாதம் ஒருவர், "இன்னும் கொஞ்சம் வெள்ளையா இருந்தா நல்லாருக்கும்" என்றார். "இதாங்க இவ கலரு. புடிச்சா ஏறச் சொல்லுங்க" என்றேன். மாப்பிள்ளை ஏறிக்கொண்டான். அந்த ஒரு பேச்சைப் பேச எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. முதல் நாளே அந்தத் தாய்மாமனிடம் பேசியிருந்தால் உன் கை நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கல்லறைத் திருநாள் அன்று சாமியார் வந்து கல்லறைகளை மந்திரித்து முடித்த பிறகு, உறவு சனமெல்லாம் உன்னைச் சுற்றி நிற்கும்போது, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பேன். அல்லியைக் கெடுத்தது உன் கைராசி இல்லை என்று சொல்வேன். செய்யச் சொன்னவன் நான், நீ என் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கையைப் புண்ணாக்கிக்கொண்டாய் என்று சொல்வேன். அழுகை வந்தால் நிறுத்திவிட்டு, மறுபடியும் விட்ட இடத்திலிருந்து படிப்பேன்.

ரீட்டா தட்டு வைக்கும்போதெல்லாம் இப்போது அவள் கையைப் பார்க்கிறேன். "இன்னாப்பா பாக்கற?" என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். அவள் கை நன்றாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதே.

அல்லிக்கு மட்டும்தான் அரிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரன்,
லூர்து