நீல நிறத்தில் நம் மனை

டாலிகஞ்ச்,
தீபாவளிக்கு மறுநாள்

அன்பு மகள் ஷோபனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அவர், மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று நான் சொல்வதை எல்லாம் திருத்துவார், சொல்லவேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். புஷ்பா டீச்சர் மகள் டப்ளினுக்குத் திரும்புகிறாள், அவளிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் கருவாடும் கொடுத்து அனுப்புகிறேன், இதுவும் அதோடு வரும். முதலில் கடிதத்தைப் படி, பிறகு ஊறுகாயைத் திற.

பொங்கல் கழிந்ததும் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு மொத்தமாக வந்துவிடுகிறோம், அதற்குள் சிப்பிகாட் பக்கத்து மனையில் அப்பா வீட்டை எழுப்பிவிடுவார் என்று போன மாதம் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அந்த மனையில் வீடு கட்ட முடியாது கண்ணு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், இனி எப்படி என்பதைக் கேள். ஆடி மாதத்தில் நகரத் திட்ட அலுவலகத்தார் நம் தீவில் இந்த ஊர் அடுத்த இருபது வருஷத்தில் எப்படி வளரவேண்டும் என்று ஒரு வரைபடம் போட்டு, ஜனங்கள் பார்த்து ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று ஒரு மண்டபத்தில் மாட்டி வைத்தார்கள். சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய படம். வந்தவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் வீட்டைத்தான் தேடினார்கள், நானும்தான். நம் டாலிகஞ்ச் வீடு மஞ்சளில் இருந்தது. உனக்காக வாங்கிப் போட்ட மனை நீலத்தில் இருந்தது. நீலம் என்றால் கட்டடம் கூடாது, தண்ணீருக்கு விடவேண்டிய இடம். உன் அப்பா அங்கேயே குரலை உயர்த்திவிட்டார். பக்கத்து மனைக்காரர் சிவஞானம், தெரியுமே, கான்ட்ராக்டர், அவரும் சேர்ந்துகொண்டு நீல மனைக்காரர்களை எல்லாம் கூட்டி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாள், அவள் இருக்கப்போகும் இடத்தில் மீனை விடச் சொல்கிறார்கள் என்று தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் உன் அப்பா சொல்லிப் புலம்பினார்.

அந்த அலுவலகத்தில் தமிழரசி என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், நம் தீவுகளின் வடகோடி திக்லிபூரில் பிறந்து வளர்ந்தவள். சிவஞானம் அவளை ஒரு பிடி பிடித்தார். அவள் கோபப்படவே இல்லை, சுனோ அங்கிள், கேளுங்க, நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க, பௌர்ணமியன்னிக்குக் காலையில உங்க பிளாட்டுக்கே எல்லாரும் வாங்க, நானும் வர்றேன், பாத்துட்டு அப்புறம் எழுதுங்க என்று மட்டும் சொன்னாளாம். இவ்வளவு பெரிய படத்தை வரைகிற பிள்ளை நம் மனைக்கு வருகிறாளா என்று எனக்கு ஆச்சரியம், நானும் கிளம்பிவிட்டேன். அதற்கு முன்பே நான் அந்த மண்டபத்துக்குத் தனியாக இன்னொரு தரம் போய் நின்று பார்த்தேன், உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அணைத் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எந்த நாள் வருகிறது, அது இன்னும் எத்தனை குடும்பத்துக்குப் போதும், மேட்டில் எத்தனை மாடி வரை விடலாம், பஸ் எந்த வழியாகப் போகவேண்டும், பிணம் புதைக்க எங்கே இடம், எல்லாம் அதில் இருந்தது. இன்னும் வீடே வராத ஒரு குன்றில் சின்னக் கட்டம் போட்டுப் பள்ளிக்கூடம் என்று குறித்திருந்தார்கள். யாருடைய பிள்ளைக்கு அது? இன்னும் பிறக்காத பிள்ளைக்கு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது ஷோபனா, பொய் சொல்லவில்லை. நாளைக்குத் தண்ணீர் வருமா என்று டிரம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வயதாகிவிட்ட எனக்கு, இப்படி ஒரு ஊரையே முன்கூட்டி நினைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது புதிது.

புரட்டாசிப் பௌர்ணமியன்று காலையில் ஆட்டோ பிடித்துப் போனோம். மனை காய்ந்து கிடந்தது, பசுமாடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. சுனாமி வருஷம் பூமி இறங்கி அந்த வயல்கள் எல்லாம் கடலுக்குள் போனது உனக்கே நினைவிருக்கும், பட்டுப்போன தென்னைகளைப் பார்த்து நீ அழுதாய். இப்போது புல் முளைத்துவிட்டது, மண் ஆறிவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்பதுதான் உன் அப்பாவின் வாதம். தமிழரசி ஒரு கம்பை நட்டு அதில் சிவப்புச் சாயத்தால் கீழே ஒரு கோடும் மேலே ஒரு கோடும் போட்டாள். சிவஞானம் வாட்சைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கடல் இருக்கும் பக்கம்தான் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது பின்னால் இருந்து வந்தது கண்ணு, நாலா என்கிற அந்த வாய்க்கால் வழியாக, சத்தமே இல்லாமல், புல்லுக்கு நடுவில் பளபளவென்று. மாடு தானாகவே மேட்டுக்கு நகர்ந்துவிட்டது. என் செருப்பு நனைந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மனை முழுக்க வானம் தெரிந்தது, கம்பில் அந்தப் பெண் போட்ட கீழ்க்கோட்டைத் தொட்டுத் தண்ணீர் நின்றது, ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேலே இருக்கும் கோடு எதற்கு என்று நான் கேட்டேன். அது உங்க பேத்தி பெரியவளானப்புறம் ஆன்ட்டி என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன், அவளையா தண்ணீரையா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஹேடோ துறைமுகத்தில் இத்தனை வருஷம் கிரேன் ஓட்டி, எந்தக் கப்பல் எந்த நேரம் ஜெட்டியை விட்டு மிதக்கும் என்று ஏற்றவற்றம் பார்த்தே சொன்ன மனுஷருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? மனை பார்க்க நல்ல நாள் வேண்டும் என்று பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு தேடியது நாங்கள் இருவரும்தான். பார்க்கப் போனது வளர்பிறைத் தசமி, பத்திரம் பதிந்தது ஏகாதசி, கல் ஊன்றிப் பூசை போட்டது மறுபடியும் தசமி. கடல் பொங்கி ஏறுவது பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும், நாங்களோ அது மேலே ஏறாத நாட்களாகப் பார்த்துப் பார்த்துப் போயிருக்கிறோம்! இதைச் சொன்னேன், ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை உன் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கும்போது, கப்பலுக்குப் பாத்தேன், வீட்டுக்குப் பாக்கலியே விஜயா என்றார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

விசாரணை நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. ஒவ்வொருவரும் எழுந்து என் வீட்டை விட்டுவிடுங்கள், என் கடையை விட்டுவிடுங்கள் என்றார்கள், வங்காளத்தார், தெலுங்கர், நம்மவர் எல்லோருக்கும் அதே பேச்சுதான். உன் அப்பா முறை வந்தது. எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் புரியட்டும் என்று ஹிந்தியிலேயே தொடங்கி, மேரா ஆப்ஜெக்ஷன் வாபஸ், அது தண்ணியோட இடம், தண்ணிகிட்டயே இருக்கட்டும் என்று பாதிக்கு மேல் தமிழாகவே சொல்லி முடித்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து நான் பிரமித்து நின்றது அன்றைக்குத்தான். சிவஞானம் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார், அது அவர் பாடு. மாற்று இடம் தருவது பற்றிப் பேச்சு இருக்கிறதாம், எழுத்தில் எதுவும் இல்லை, அதை நம்பி நீ எதுவும் செய்யாதே.

டாலிகஞ்சில் ஒரு மாடி போடலாம், அடியில் மழைத்தண்ணீர்த் தொட்டி கட்டினால் அனுமதி உண்டு என்று தமிழரசி சொன்னாள். உன் அப்பா மாடிக்கு இப்போதே கோடு போட்டுக்கொண்டிருக்கிறார், குழந்தைக்குக் குன்று தெரிகிற பக்கம் ஜன்னலாம். நீ கனவு கண்ட தனி வீடு இல்லை இது, எங்கள் தலைக்கு மேல் நடக்கப்போகிறீர்கள். வேலையை விடுவதா, இன்னும் கொஞ்ச காலம் பொறுப்பதா என்பதை நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள், எங்களுக்காக அவசரப்படவேண்டாம். ஆனால் நீ வரவேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை என்று நினைத்துவிடாதே, நிறைய இருக்கிறது.

நேற்றுத் தீபாவளி அமாவாசை. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை போட்ட மனுஷர் பலகாரத்தைக்கூடத் தொடாமல் எங்கேயோ கிளம்பிப் போனார். வெயில் ஏறித் திரும்பும்போது வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. எங்கே போனீர்கள் என்றேன். ஷோபனா வீட்டுக்குத்தான், தண்ணி வந்துருச்சு, ஒரு கொக்குகூட வந்து நின்னுச்சு என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மேடான இடத்தில், நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. ஒன்றை மட்டும் மறக்காதே, வரும்போது தசமி ஏகாதசி பார்த்து டிக்கெட் போடாதே. பௌர்ணமிக்கு வந்து இறங்கு, உன் இடத்தை உனக்குக் காட்டவேண்டும்.

உன் அம்மா,
ரா. விஜயகுமாரி