திருக்கோவிலூர் சாலை வளைவில் ஒரு பூங்கா

இன்று காலை நம் தெருவில் தார் போட்டார்கள். அந்தச் சூடான வாசனை உள்ளே வந்ததும், நீயே வேலை முடிந்து வந்துவிட்டதுபோல் எழுந்து வாசலுக்குப் போனேன். உன் சேலையில் எப்போதும் இருந்த வாசனை அது.

நான் இந்த ஊரில் பிறந்தவன். மலை எனக்குக் கொல்லைப்புறச் சுவர் மாதிரி. இருப்பதே நினைவில் இராது. நீ தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், வயலும் வானமும் மட்டுமே பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி முதல்முறை பஸ்ஸில் வந்தபோது, திருக்கோவிலூர் சாலையில் ஒரு வளைவு திரும்பியதும் மலை முழுசாக எழுந்து நின்றது. "இது எப்பவும் இங்கயேதான் இருக்குமா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நெடுஞ்சாலைத் துறையில் நீ பொறியாளர். தொண்ணூறுகளில் அந்தச் சாலையை அகலப்படுத்தினார்கள். புளியமரங்களை வெட்டி, வளைவை நேராக்குவது திட்டம். நீயோ அங்கே பயணிகள் இறங்கி உட்கார ஒரு பூங்கா கேட்டாய்.

"ஊட்டி, கொடைக்கானல் ரோட்லதாம்மா அதெல்லாம். இங்க எவன் வண்டிய நிறுத்தப் போறான்?" என்றார் மேலதிகாரி.

நீ வாதாடவில்லை. மழை விட்ட ஒரு காலையில் அவரை ஜீப்பில் அழைத்துப்போய் அந்த வளைவில் இறக்கினாய். மேகம் விலக விலக மலை துண்டுதுண்டாக வெளியே வந்ததாம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றிலேயே நின்றாராம். "தெனமும் இப்படித்தாம்மா வரேன். பாத்ததே இல்லையே!" என்றாராம்.

மரங்கள் பிழைத்தன. பெஞ்சுகளைச் சாலைக்கு முதுகு காட்டி, மலையைப் பார்க்கப் போடவைத்தாய். வேன்கள் நின்றன. வாய்க்குக் கொண்டுபோன புளிசாதம் பாதியில் நிற்க, மலையையே பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒருநாள் என்னையும் உட்காரவைத்தாய். அன்றுதான் எங்கள் ஊர் மலையைப் பார்த்தேன்.

பிறகு உனக்கு நோய் வந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் காரை அங்கே நிறுத்தச் சொன்னாய். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் உன் தள்ளாட்டத்தைப் பார்த்து எழுந்தாள்.

"இங்க உக்காருங்கக்கா. இங்கருந்து பாத்தாதான் மலை ஜோரா தெரியும்."

இவள் கட்டிய பூங்கா இது என்று சொல்ல வாயெடுத்தேன். நீ கண்ணால் தடுத்தாய்.

"அப்படியாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவள் காட்டிய பக்கம் நிமிர்ந்து பார்த்தாய்.

இப்போது யாராவது என்னிடம் எதையாவது காட்டினால், தெரிந்ததாகவே இருந்தாலும் "அப்படியா?" என்று கேட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அது புதிதாகத்தான் இருக்கிறது.