சூடம் அணைத்த கை

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

மட்டக்களப்பில் நீ சமூக சேவைப் படிப்பைச் சுகமாகப் படிக்கிறாய் என்று நம்பி அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத வரவில்லை. நம் தோட்டத்து லயத்துச் சர்மிளா நாலு நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள், புருஷன் அழகுமுத்து அடித்த அடி. போன வாரம் அவள் கைப்பிள்ளையோடு நம் வீட்டுக்குத்தான் ஓடி வந்தாள். பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கிற உன் அம்மாவிடம்தானே பதினைந்து வருசமாக லயத்துச் சண்டை எல்லாம் வருகிறது. அம்மா வழக்கம்போல இரண்டு பேரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், அவனைச் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தாள். இனிமே இவ மேல பட்டா இந்தக் கை வெளங்காமப் போகட்டும்க்கா என்றானாம். அதை நம்பி அவளைத் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் நாள் அதே கை. அம்மா இப்போது சாப்பிடுவதில்லை, நான்தானே அனுப்புனேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சமூக சேவையாளர்களைப் பதிவு செய்கிற சட்டத்தைத் திருத்தப்போகிறார்கள், ஊரில் கருத்துக் கேட்டு அனுப்பச் சொன்னார் எங்க சேர் என்று நீ எழுதி அனுப்பிய தாளை இப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். பட்டம் இல்லாதவர் அம்மா செய்கிற மாதிரி வேலை செய்தால் குற்றம் என்று இருக்கிறது. நான் வேலை செய்கிற மின்நிலையத்தில் லைசன்ஸ் இல்லாதவனை நான் சுவிட்ச் பெட்டிப் பக்கமே விடமாட்டேன், அதனால் சட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவைத் தடுத்துவிட்டு யாரை அனுப்பப்போகிறார்கள்? இருக்கிற ஒரு சமூக சேவை உத்தியோகத்தருக்குப் பதினொரு தோட்டம், தமிழும் தெரியாது. அதனால் நீ அனுப்பும் கருத்தில் இதை எழுது. அம்மா மாதிரி ஆட்களுக்குத் தோட்டத்துக்கே வந்து தமிழில் பயிற்சி கொடுத்துப் பதிவு கொடுக்க வேண்டும். அடிபட்டு வந்தவளைத் திருப்பி அனுப்பக்கூடாது, எங்கே தங்கவைப்பது, யாருக்குப் போன் கோல் எடுப்பது என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள், மறந்துவிடாதே.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அம்மா, பொலிசுக்குப் போவமாங்க என்று என்னிடம் கேட்டாள். நான் வேலைக்கு இறங்கும் அவசரத்தில், அங்க போயி சிங்களத்துல யாரு கத்துறது, சத்தியத்த வாங்கிட்டு அனுப்பிவிடு, தொல்ல விட்டுச்சு என்று சத்தம் போட்டேன். வீட்டில் சிங்களம் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதை அம்மா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்குக் கோல் எடு, ஏன் அனுப்பினீங்க என்று மட்டும் கேட்டுவிடாதே. உனக்கு ஒரு குறையும் வராது மகள். அந்தச் சட்டப்படி பெயர் பதிந்த ஆளாக நீ வருவாய். வந்த பிறகு, வேலைக்கு நேரமாகிறது என்று கத்துகிற ஆளின் பேச்சைக் கேட்காதே.

உன் அப்பா,
யோகேஸ்வரன்
கினிகத்தேனை