மாம்புரி வீதியில் நீ நிறுத்திய சைக்கிள்

நேற்றுப் பின்னேரம் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப்போடக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சொலூஷன் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன்மேல் கோபம் வந்தது. நீ மௌத்தாகி மூன்று வருடம் முடியப்போகிறது. இல்லாத ஒருவனோடு கோபித்துக்கொள்வது நியாயமா என்று தெரியவில்லை. போட்டிக்கு முதல்நாள் உன் வீட்டு முற்றத்தில் இரண்டு பேரும் இரவல் சைக்கிள்களுக்கு ஒட்டுப்போட்டபோதும் இதே வாசனைதான்.

உடப்பிலிருந்து வந்து கற்பிட்டித் தபால் கந்தோரில் நான் வேலை பார்த்த காலம் அது. நீ வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தாய். நீந்தி, சைக்கிள் ஓடி, கடைசியில் கால்களால் ஓடி முடிக்கிற போட்டி ஒன்றை ஊர் விளையாட்டுக் கழகம் அறிவித்தது. நோட்டீஸில் ட்ரையத்லன் என்று போட்டிருந்தார்கள். ஒருவர் வாயிலும் அது சரியாக நுழையவில்லை. முதல் மூன்று பேருக்குக் கொழும்புப் போட்டியில் இடம் உண்டு என்ற கடைசி வரியை மட்டும் நீ திரும்பத் திரும்ப வாசித்தாய். பல வருடங்களுக்கு முன் ஓட்டத்துக்குத் தெரிவாகி, சண்டை மூண்டதால் அந்தப் போட்டி நின்றுபோய், நீ வீட்டிலேயே இருந்துவிட்டவன். அப்போது உனக்கு வயது முப்பத்தொன்று. இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது என்பது இருவருக்கும் தெரியும்.

உன் பெயரைக் கொடுத்தது சரி. என் பெயரையும் ஏன் கொடுத்தாய்? தனியாகப் பழகினால் சலித்துப்போகும் என்று சொன்னாய். உடப்பில் பிறந்தவனுக்கு நீச்சலைப் பற்றி என்ன கவலை என்றும் கேட்டாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு கைகாலை அடிக்கிற நீச்சல். கடலில் இறங்கக் கடற்படையின் பாஸ் வேண்டியிருந்த வருடங்கள் என்பதால் அலையில்லாத களப்பில்தான் பழகினோம். இரண்டு மாதம் காலையில் களப்புத் தண்ணீரைக் குடித்தேன். முழங்கால் வீங்கியது. கந்தோரில் முத்திரை குத்தும்போதே கண் சொருகியது. விட்டுவிடுகிறேன் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நீ வேறு கதையைத் தொடங்கிவிடுவாய்.

போட்டியன்று காலையில், தண்ணீரில் கண்ணாடிபோல மிதக்கிற சொறிமுட்டை பட்டால் உடம்பு தடிக்கும், தேங்காய் எண்ணெய் பூசு என்றாய். கழுத்திலிருந்து கால்வரை பூசினேன். கையில் பேனையால் எழுதிய இலக்கம், அந்த எண்ணெயோடு களப்பிலேயே கரைந்துபோனது. கரையேறும்போது எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. நீ எப்போதோ சைக்கிளில் போயிருந்தாய்.

மாம்புரிவரை போய்த் திரும்பி வரவேண்டும். சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. மணல் பல்லில் கடிபட்டது. கழுதைக்கூட்டம் ஒன்று வீதியை மறித்து நின்றபோது இறங்கி உருட்டினேன். பாதிவழியில் இருந்த சோதனைச் சாவடியில், முன்னால் போனவர்களையெல்லாம் கையிலிருந்த இலக்கத்தைப் பார்த்து விட்டிருந்தார்கள். நான் தனியாக வந்தேன். இலக்கம் இல்லை. அடையாள அட்டை, போட்டி முடிகிற மைதானத்தில் பையோடு கிடந்தது. சிப்பாய் பெயரைக் கேட்டான், ஊரைக் கேட்டான். தமிழன் என்று தெரிந்ததும், கழகம் கொடுத்திருந்த போட்டியாளர் பட்டியலில் என் பெயரைத் தேடினான். அது அங்கே இல்லை. யாரோ பிழையாக எழுதியிருக்க வேண்டும். மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை வெயிலில் நிற்கச் சொன்னான். எனக்குச் சிங்களம் தெரியும். அவன் பக்கத்தில் நின்றவனிடம் என்னைப்பற்றி என்ன சொன்னான் என்பதும் விளங்கியது.

அப்போதுதான் நீ மாம்புரியிலிருந்து திரும்பி வந்தாய். உனக்கு முன்னால் இரண்டு பேர்தான் போயிருந்தார்கள். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். நீ மூன்றாவது. மிதித்துக்கொண்டு போயிருக்கலாம். போகத்தான் வேண்டும். நீ பிரேக்கைப் பிடித்து இறங்கினாய். அந்தச் சாவடிக்கு விளக்குப் பூட்டிக் கொடுத்தவன் என்பதால் உன்னை அவர்களுக்குத் தெரியும். இவன் என்னோடு வந்தவன், இவனை விடும்வரை நானும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மணலில் சாய்த்து என் பக்கத்தில் குந்தினாய்.

"நீ போ மச்சான்," என்றேன். நீ தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினாய்.

நாலாவது ஆள் போனான், ஐந்தாவது ஆள் போனான். ஒவ்வொருவரும் நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஏழாவது ஆள் போன பிறகுதான் பதில் வந்தது. நீ வடக்கே போனாய். நான் தெற்கே, மாம்புரிக்கு, அதே எதிர்க்காற்றில் மிதித்தேன். வழியெல்லாம் யாரையோ ஏசிக்கொண்டு போனேன். சிப்பாயையா, பட்டியல் எழுதியவனையா, உன்னையா என்று பிரித்துச் சொல்லமுடியாது. அன்றைக்கு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் முடித்தேன். ஓடியதை விட நடந்ததுதான் அதிகம். மைதானத்துக்கு வந்தபோது முடிவுக் கயிற்றைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். நேரம் குறிப்பவர் சாப்பிடப் போய்விட்டாராம். என் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. நீ மட்டும் எனக்கு முகம் துடைக்கக் கையில் துவாயோடு நின்றாய்.

"ஆர் உன்ன நிக்கச் சொன்னது?" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"ஒருத்தரும் சொல்லல்ல," என்றாய் நீ.

துவாயை வாங்காமல் போனேன். மூன்று வாரம் உன்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தோம், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. அடுத்த வருடம் போட்டி நடக்கவில்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. சண்டை முடிந்தபோது உனக்குத் தொப்பை போட்டிருந்தது.

உன் மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்த பிறகு அவளைப் பார்க்கப் போனேன். பிள்ளைகள் உன் சான்றிதழ்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். எட்டாம் இடம் என்று போட்டிருந்த அதையும் காட்டினார்கள்.

"அண்டைக்குக் கால் பிடிச்சிட்டு எண்டுதானே சொன்னாரு. இல்லாட்டிக் கொழும்புக்குப் போயிருப்பேன் எண்டு," என்றாள் அவள்.

நீ எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாய். எனக்குத் தெரியாது. பொறுக்கமுடியாமல் நடந்ததை அப்படியே சொன்னேன். சாவடி, பட்டியல், எண்ணெய், மைதானத்தில் நான் கேட்ட கேள்வி, ஒன்றையும் விடவில்லை. அவள் சான்றிதழைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அவரு ஏன் எங்களுக்கிட்டச் சொல்லல்ல?"

என்னைக் காப்பாற்றவா, சொல்ல அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்தாயா, அல்லது உனக்கும் உள்ளே கோபம் இருந்ததா? எதைச் சொன்னாலும் எனக்கு வசதியாக நானே கட்டியது போல இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் தங்கச்சி என்று எழும்பி வந்தேன். இன்னும் சொல்லவில்லை. கடைத்தெருவில் அவளைக் கண்டால், பிள்ளைகளின் படிப்பைப்பற்றி இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு அவசரமாக நடக்கிறேன்.