ஐந்தும் சரியாக வேண்டும்

14 ஒக்ரோபர், செவ்வாய்

சிரோக்கோ காற்று. ஆபிரிக்க மண் முழுதும் எங்கள் சீசாப் பகுதியில்தான் கொட்டியிருக்கிறது. கடைக் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன், மத்தியானத்துக்குள் மறுபடி மஞ்சள். முழங்கால் பரவாயில்லை.

பந்தயக் கடையில் இது இரண்டாம் மாதம். மாடிப்படி கழுவுவதை விட்டு இங்கே வந்தது முழங்காலுக்காக. கதிரையில் இருந்து செய்யும் வேலை. பதிவுள்ள வேலை. பெர்மெஸ்ஸோ (இத்தாலிய வதிவிட அனுமதி) புதுப்பிக்க உதவும். இதை எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

இன்று சல்வோ (முதலாளி) மூல்திப்ளா என்றால் என்ன என்று விளக்கினான். இதுவரை கேட்டதை அச்சடித்துக் கொடுத்தேனே தவிர விளங்கி அடித்ததில்லை. ஒரு உதைபந்தாட்டத்துக்குப் பந்தயம் கட்டினால் ஒற்றை. பல ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்தால் மூல்திப்ளா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கோத்தா: வென்றால் கட்டிய காசு எத்தனை மடங்காகும் என்ற எண். கோத்த ஆட்டங்களின் எண்கள் ஒன்றையொன்று பெருக்கும். சீட்டின் அடியில் அந்தப் பெரிய தொகை வருவது அதனால்தான். ஆனால் எல்லாம் சரியாக வேண்டும். ஒன்று பிழைத்தால் முழுச் சீட்டும் குப்பை.

கடைக்கு எதில் லாபம் என்று கேட்டேன். தன் கோப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். கோத்தாவை எப்போதும் நியாயத்துக்குக் கொஞ்சம் குறைத்தே போடுவார்களாம். அந்தக் குறைவுதான் கடை குடிக்கும் மிடறு. "ஒற்றை போட்டால் ஒரு மிடறு குடிக்கிறேன், ரோசா. ஐந்தைக் கோத்தால் இதே கோப்பையில் ஐந்து மிடறு. அவனோ கோப்பை பெரிது என்று சந்தோசப்படுகிறான்."

குடித்துவிட்டு உதட்டை நக்கினான்.

பின்னேரம் பீப்போ கிழவர். சிஸ்தேமா போடுகிறவர். ஐந்து ஆட்டம் எடுத்து, அதில் நான்கு நான்காக எத்தனை விதம் கோக்கலாமோ அத்தனைக்கும் கட்டுவது. ஐந்து சீட்டுக் காசு. ஒன்று பிழைத்தாலும் ஒரு சீட்டாவது தப்பும். இன்று ஒன்று தப்பியது. கட்டியதைவிடக் குறையத்தான் கையில் வந்தது. "வென்றேன்!" என்று கத்தி எல்லாருக்கும் கைகொடுத்தார். எனக்கும். கை ஈரமாக இருந்தது.

சவர்க்காரம் முடிகிறது. வாங்க வேண்டும்.

16 வியாழன்

காற்று விட்டுவிட்டது. புழுக்கம் விடவில்லை.

யூட் வந்தார். எங்கள் கடைக்கு! தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார், கவுண்டருக்கு அருகே வந்த பிறகுதான் என்னைக் கண்டார். என் தங்கை நிரோவின் புருசன். கால்சாப் பகுதியில் ஒரு வயதான இத்தாலியச் சின்யோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அங்கேயே படுக்கை. நிரோவும் பிள்ளையும் மன்னாரில். அவர்களை இங்கே எடுக்கத் தகுதியான வீடு காட்ட வேண்டும். பிரான்காச்சோவில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார். மாதம் முடியுமுன் முற்பணம் கட்டாவிட்டால் வீட்டுக்காரி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாள்.

"யூட், நீர் என்ன இஞ்சை?"

"சும்மா அக்கா. ஒரு சின்னச் சீட்டு."

"எத்தினை ஆட்டம்?"

"அஞ்சு. அஞ்சு போட்டால்தானே போனஸ்."

ஐந்தையும் வாசித்தார். துருக்கி, போர்த்துக்கல் இரண்டாம் பிரிவு, நோர்வே, இன்னும் இரண்டு. நோர்வே அணியின் பெயரை எழுத்துக்கூட்டித்தான் சொன்னார். இந்த அணிகளை எப்படித் தெரியும் என்று கேட்டேன். பின்னால் ஒருவன் "அவாந்தி, அவாந்தி" என்று அவசரப்படுத்தினான்.

"பேசாமல் அடிச்சுத் தாங்கோ அக்கா. ஆக்கள் பாக்கினம்."

அடித்துக் கொடுத்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கை கழுவினேன். அவர் கையைத் தொடக்கூட இல்லை.

18 சனி

வெயில். மரக்கறிக்காரனிடம் முருங்கைக்காய் வந்திருந்தது, வாடல். வாங்கவில்லை.

யூட்டின் சீட்டில் நான்கு சரி. ஐந்தாவது கடைசி நிமிடத்தில் சமனானது. துக்கத்தோடு வருவார் என்று பார்த்தால் சிரித்துக்கொண்டு வருகிறார், பரீட்சை பாஸ் பண்ணியவர் மாதிரி.

"நாலு சரி அக்கா! கொஞ்சத்திலை தப்பீட்டுது. கை வந்திட்டுது எண்டு அர்த்தம்."

கொஞ்சத்துக்குக் கடை காசு தராது என்றேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். சல்வோவின் கோப்பை, ஐந்து மிடறு, எல்லாம். ஒவ்வொரு ஆட்டமும் பூவா தலையா என்று வைத்தாலும் ஐந்தும் தலையாக விழுவது முப்பத்திரண்டுக்கு ஒன்று என்றேன். காசைச் சுண்டிக்கூடக் காட்டினேன். இரண்டாவதே பூ. நான்கு நான்காகக் கோக்கும் சிஸ்தேமாவும் அதே கொள்ளைதான், ஐந்து மடங்கு கட்டவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன்.

தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். முடிய,

"அப்ப சிஸ்தேமா போட்டிருந்தால் இண்டைக்கு ஒரு சீட்டு வந்திருக்கும். என்ன அக்கா?"

இவ்வளவு கதைத்ததில் அவர் பொறுக்கி எடுத்தது அது ஒன்றுதான். நானே படிப்பித்து அனுப்பியிருக்கிறேன். த்தூ.

19 ஞாயிறு

தமிழ்ப் பூசை. யூட் பாடகர் குழுவில், வெள்ளைச் சட்டை, கண்ணை மூடிக்கொண்டு நல்லாய்ப் பாடினார். அந்தக் குரலைக் கேட்டால் எந்தத் தாயும் பெண் கொடுப்பாள். எங்கள் அம்மா கொடுத்தா.

நன்மை (நற்கருணை) வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர், மெதுவாக:

"துருக்கி கட்டாயம் வெல்லும்."

"அது இருக்கட்டும், மற்ற நாலையும் சொல்லு."

நாக்கில் அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போதும் அதே கதை. எனக்குச் செபம் வரவில்லை.

வெளியில் யூட்டைப் பிடித்தேன். "மாதாவாணை இனி இல்லை அக்கா" என்றார். கேட்காமலே சத்தியம். அதுதான் பயம்.

21 செவ்வாய்

மழைக்கு இருட்டியது, பெய்யவில்லை.

சல்வோவிடம் சொன்னேன்: யூட் என் குடும்பம், அவருக்குச் சீட்டுக் கொடுக்காதே. கோபிக்கவில்லை. அன்பாகத்தான் கதைத்தான், அது இன்னும் மோசம்.

"நான் துரத்தினால் அடுத்த தெருவுக்குப் போவான். இங்கே என்றால் நீ இருக்கிறாய், உன் கண் முன்னால் போடுகிறான்."

பிறகு தோளில் தட்டி, "உங்கள் ஆட்கள் நல்ல ஆட்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஐந்துக்குக் கீழே கோக்கவே மாட்டார்கள். நீ வந்த பிறகு இன்னும் நிறையப் பேர் வருகிறார்கள். ஏன் உன்னை எடுத்தேன் என்று நினைக்கிறாய்?"

என் இத்தாலியனுக்காக எடுத்தான் என்று நினைத்திருந்தேன். தூண்டிலில் குத்துவதற்கு எடுத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. பருப்பைக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

23 வியாழன்

நிரோவுக்குப் போன் எடுத்தேன். முழு நாளும் யோசித்து, சொல்லப்போவதை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். மனம் உடைந்துவிடுவாள் என்று நினைத்து, பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுத் தனியாக இருந்து கேள் என்று சொன்னேன்.

"யூட் பந்தயம் கட்டுறார், நிரோ. வீட்டுக் காசிலை கைவைச்சிடுவார் எண்டு பயமாக் கிடக்கு."

அவளிடமிருந்து சின்னச் சிரிப்பு.

"அது எனக்குத் தெரியும் அக்கா. ரீம் எல்லாம் நான்தானே பாத்துச் சொல்லுறனான். அவருக்கு எங்கை நேரம்?"

இரவில் பிள்ளை படுத்த பிறகு இருந்து பார்க்கிறாளாம். எந்த அணி சொந்த மண்ணில் எப்படி, யாருக்குக் காயம், எல்லாம் போனில் வருகிறதாம். போர்த்துக்கல் அணியின் பெயரை என்னைவிடச் சரியாகச் சொல்கிறாள். வீட்டுக் காசு தொடுவதைப் பற்றிக் கேட்டேன்.

"முற்பணத்தோடை முடிஞ்சிடுமே அக்கா? கட்டில், அலுமாரி, எங்கடை பிளேன் ரிக்கெற்? ஒருக்காச் சரியாக் கோத்தால் எல்லாம் ஒண்டா வந்திடும். நீங்கள் கடையிலைதானே இருக்கிறியள், உள்ளுக்கை ஏதும் கதைச்சால் சொல்லுங்கோவன்."

என் தங்கை. நான் தலை இழுத்துப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் குசினியில் நின்றேன். யார் மீது கூடுதலாக அருவருப்பு என்று தெரியவில்லை. அவள் மீது, அவர் மீது, சல்வோ மீது. அந்தக் கதிரையில் வசதியாக இருக்கும் என் மீதும்.

25 சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

யூட் மத்தியானம் வந்தார். தொப்பி இல்லை. மடித்த கடித உறை. ஐந்து ஆட்டம், சிஸ்தேமா, நான்கு நான்காக. உறையைப் பார்த்ததுமே தெரிந்தது, அது பிரான்காச்சோ வீடு.

"அடிக்கமாட்டன்," என்றேன்.

"அக்கா, நிரோ பாத்துச் சொன்னது."

"ஆர் சொன்னாலும் அடிக்கமாட்டன். வீட்டுக்குப் போம். அந்தக் காசை அந்த மனுசியிட்டைக் குடுத்திட்டு வாரும், நானும் வாறன், இப்பவே போவம்."

கண் கலங்கியது அவருக்கு. ஒரு கணம் உறையைப் பைக்குள் வைக்கப் போனார். நிச்சயமாகக் கண்டேன். அப்போது பக்கத்துக் கவுண்டர் விளக்கு எரிந்தது. சல்வோ கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, முழுப் பல்லும் தெரிய, "இங்கே வா நண்பா" என்றான். யூட் என்னைப் பார்க்காமல் நகர்ந்தார். இரண்டு அடி தள்ளிய கவுண்டர்தான்.

சல்வோ காசை எண்ணும்போது ஒவ்வொரு தாளுக்கும் விரலை நாக்கில் தொட்டான்.

கடைப் பெயர் போட்ட மேற்சட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். "இரவு வேலை யார் பார்ப்பது?" என்று சல்வோ கேட்டான். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். யூட் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார், பின்னால் வரவில்லை.

பஸ் இல்லை. நடந்தே வந்தேன்.

26 ஞாயிறு

குளிர்காலக் கணக்குக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளியாயிற்று. பூசைக்குப் போகவில்லை.

இரண்டு ஆட்டம் பிழைத்தது. நோர்வேயும் போர்த்துக்கலும். சிஸ்தேமாவில் ஒன்று பிழைத்தால் தப்பலாம், இரண்டு பிழைத்தால் ஐந்து சீட்டும் குப்பை.

யூட் போன் எடுக்கவில்லை. கால்சாவுக்குப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தார், சின்யோருக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தாராம், கையில் கரண்டி. "சாப்பிட்டனீங்களோ அக்கா?" என்று கேட்டார். வீட்டுக்காரியிடம் ஒரு மாதம் தவணை கேட்போம், நானும் கூட வருகிறேன் என்றேன். ஓம் என்றார்.

28 செவ்வாய்

கடைசியில் மழை.

வீட்டுக்காரி தவணை தரவில்லை. முற்பணத்தைக் கையோடு கொண்டுவந்த வேறு குடும்பத்துக்குச் சாவி கொடுத்தாயிற்றாம். வாசலிலேயே வைத்துச் சொன்னாள், மரியாதையாகத்தான்.

பழைய முதலாளி சின்யோராவிடம் போய்க் கேட்டேன். படி கழுவும் வேலை திரும்பக் கிடைத்தது. ஐந்து மாடி, லிஃப்ட் இல்லை. இன்று தொடங்கினேன், மூன்றாம் மாடியில் முழங்கால் கத்தியது.

அங்கே இருந்துதான் நிரோவின் குரல் செய்தியைக் கேட்டேன். அழுகிறாள். மூச்சு முட்ட அழுகிறாள். பாவம் என்று நெஞ்சு இளகியது, படியில் இருந்துவிட்டேன்.

"நோர்வேயை மாத்தச் சொல்லி காலமையே சொன்னனான் அக்கா. அவர் மாத்தேல்லை. மாத்தியிருந்தால் நாலு சரி வந்திருக்கும். நாலு சரி அக்கா…"

திரும்பவும் கேட்டேன். ஏதாவது தவறவிட்டேனோ என்று இன்னொரு முறையும். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வாளித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. ஊற்றிவிட்டு வேறு எடுக்கக் கீழே இறங்கினேன்.