எண்பது நிமிஷ பீரியடு

ஞாயிறு காலை

பாப்பாவின் அப்பாவுக்கு வீட்டிலிருந்து எழுதுவது. நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் வேலை செய்கிற அந்த மலைக்குள் போன் சரியாக எடுப்பதில்லை, போன தடவையும் பாதியில் அறுந்துவிட்டது. அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் கூட்டி வாசித்துக்கொள்ளுங்கள். பாப்பாவிடம் கொடுத்துத் திருத்த முடியாது, இது அவளைப் பற்றியது.

முதலில் என் சேதி. சலவைக்கூடத்தில் மடிப்பு மேஜையிலிருந்து வண்டி தள்ளுகிற வேலைக்கு மாறிவிட்டேன். நானேதான் கேட்டு வாங்கினேன். ஒரே இடத்தில் நின்றால் கை விரிப்பை மடிக்கிறது, மனசு ஆஸ்பத்திரி மாடிக்கு ஓடிவிடுகிறது. நம் பெரியவன் கடைசியாகப் படுத்திருந்த வார்டுத் துணியும் எங்களிடம்தான் வருகிறது. சூப்பர்வைசர் அக்கா, "ஏன்டி, கால்ல சக்கரம் கட்டிக்கிட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நடந்துகொண்டே இருந்தால் கொஞ்சம் தேவலை.

இப்போது பள்ளிக்கூடத்து விஷயம். அரையாண்டு லீவு முடிந்ததும் பீரியடை எல்லாம் மாற்றிவிட்டார்கள். முன்பு நாளைக்கு எட்டு பீரியடு, ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். இப்போது நாலே நாலு, ஒவ்வொன்றும் எண்பது நிமிஷம். ஒரு நாளைக்கு நாலு பாடம்தான். போன வருஷக் கடைசியில் இதற்குச் சம்மதமா என்று கேட்டு ஒரு தாள் வந்தது. பெரியவன்தான் வாசித்துக் காட்டி, "நாலு பாடம்னா நாலு புஸ்தகம்தாம்மா, பாதி மூட்டை" என்று சிரித்தான். மூட்டை குறைகிறதே என்று நானும் கையெழுத்துப் போட்டேன். இப்படி ஆகும் என்று யார் கண்டது.

பாப்பாவால் அந்த எண்பது நிமிஷம் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறாள். ஒரு நாள் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போயிருக்கிறாள். தலைமை டீச்சர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் இந்த வருஷப் பெரிய பரீட்சைக்கு அவள் பெயரை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் போய்விடும். பெரியவன் ஒரு வருஷம் தங்கிப் படித்ததற்கே நாம் எவ்வளவு பேசினோம். அப்படித் தங்கியதால்தான் அண்ணனும் தங்கையும் ஒரே வகுப்பாகி, அவன் உட்கார்ந்த ஜன்னல் ஓரத்து இடம் தினமும் அவள் கண்ணெதிரே காலியாகக் கிடக்கிறது. யாரும் அதில் உட்காருவதில்லை.

வீட்டுக்கு வந்து விரட்டி விரட்டிக் கேட்டேன். கடைசியில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "நாப்பது நிமிஷம்னா பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்துருவேம்மா. பெல் அடிச்சா எல்லாரும் எழுந்திருப்பாங்க. நானும் போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்துருவேன். இப்ப பெல்லே அடிக்க மாட்டேங்குது."

மறுநாள் தலைமை டீச்சரிடம் போய் நின்றேன். ஒரு பிள்ளைக்காக டைம்டேபிளை உடைக்க முடியாது, ஆய்வுக்கூடத்தில் கையில் எடுத்த வேலை முடியும் முன்னே மணி அடித்துவிடுகிறது என்றுதான் இதையே கொண்டுவந்தோம் என்றார்கள். அவர்கள் பேச்சும் நியாயம்தான். அப்படியென்றால் ஒரு நாள் நானே வந்து கூட உட்கார்ந்து அவளைப் பிடித்து வைக்கிறேன் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கணக்கு சாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கோணமானி. எதைக் கேட்டாலும் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துத்தான் பார்க்கிறார். உள்ளே போகும்போதே பெரியவன் மேஜையைப் பார்த்துவிட்டேன். பேனாவால் ஒரு லாரி வரைந்து வைத்திருக்கிறான். பின் சக்கரம் பாதிதான் போட்டிருக்கிறான். நாற்பது நிமிஷம் எப்படியோ ஓட்டினேன். அதற்கு மேல் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பதாவது நிமிஷம் எழுந்து வெளியே போனது பாப்பா இல்லை, நான்.

குழாயடியில் நின்றேன். பின்னாலேயே பாப்பா ஓடி வந்து எனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவளும் எழுந்து வந்துவிட்டாளே, என்னாலேயே அவள் பரீட்சை போனது என்று அவளை உள்ளே விரட்டப் பார்த்தேன். சார் வெளியே வந்தார். திட்டவில்லை. "எவ்ளோ நேரம்மா தாங்குச்சு?" என்றார். அம்பது நிமிஷம் சார் என்றேன். கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் நாற்பது நிமிஷம் ஆனதும் பாடத்தை நிறுத்துகிறாராம். எல்லாரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து இடம் மாற வேண்டும், முன்னால் இருப்பவர் பின்னால், ஜன்னல் பக்கம் இருப்பவர் கதவுப் பக்கம். மீதி நேரம் இரண்டிரண்டு பேராகக் கணக்குப் போடுவது. மணியும் அடிக்க வேண்டாம், டைம்டேபிளும் உடையவில்லை. மற்ற டீச்சர்களும் அதையே செய்கிறார்கள். வாரம் முழுவதும் பாப்பா ஒரு தடவைகூட வெளியே போகவில்லை. பரீட்சைக்குப் பெயர் அனுப்பியாகிவிட்டது.

ஆனால் இடம் மாறினால் பெரியவன் இடத்திலும் யாராவது உட்காரத்தானே வேண்டும். முதல் நாள் ஒரு பெண் உட்கார்ந்து அந்த லாரி மேல் பையை வைத்துவிட்டாள். பாப்பா வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினாள். எல்லாம் உன்னாலதான் என்று என்னைப் பேசாத பேச்சில்லை. வியாழக்கிழமை அந்த இடம் அவளுக்கே வந்திருக்கிறது. என்னடி செய்தாய் என்று கேட்டேன். "கணக்குதாம்மா போட்டேன்" என்றாள். அன்றைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாள்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. அவன் போன ஆறாம் நாளே நீங்கள் வேலைக்குக் கிளம்பிப் போனதை நான் குறை சொல்லவில்லை. வந்த இரண்டு கடிதத்திலும் பெரியவனைப் பற்றி ஒரு வரி இல்லை, அதையும் கேட்கவில்லை. பரீட்சை அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி தொடங்குகிறது. ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம், அங்கே நடுவில் எழுந்து இடம் மாற முடியாது. அப்பா கேட்டுக்கு வெளியே நின்னா உக்காந்துருவேன் என்கிறாள். நான் நிற்கிறேனே என்றேன். நீ நிக்க மாட்டே, நடந்துக்கிட்டே இருப்பே என்கிறாள்.

அவள் சொல்வது உண்மைதான். மேஸ்திரி காலில் விழுந்தாவது லீவு வாங்கிக்கொண்டு வாருங்கள். என்னையும் யாராவது பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

வழியில் எச்சரிக்கையாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பிள்ளைகளின் அம்மா